பென்ஸும் போர்ஷும் பழனியாண்டியின் வலது காலும்

மேட்டுத்தோட்டத்துப் பழனியாண்டி மூக்கால் கார் ஓட்டுவான் என்று இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்தில் சொல்லுவார்கள். சிரிக்க வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குப் பனி இறங்கிவிட்டால் அந்த மலையில் அவனவன் கையை அவனவனே தேட வேண்டியதுதான். அப்போதும் பழனியாண்டியின் கார் நிற்காது. மாட்டுப்பட்டி நாற்றம் வந்தால் இடது பக்கம் ஒடிக்க வேண்டிய முடக்கு. கற்பூர வாசம் வந்தால் மாரியம்மன் கோயில் முடக்கு, வலது பக்கம். தேயிலைக் கொழுந்து வாடுகிற வாசம் வந்தால் ஃபெக்டரி, ஹோனை அடி. அவனுக்குச் சளி பிடித்த நாட்களில் துரை பங்களாவை விட்டு வெளியே போவதில்லை என்றும் சொல்லுவார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. கொஞ்சம்தான்.

அவன் பிறந்தது அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பத்தாம் நம்பர் லயத்தில். பிறந்ததற்குச் சாட்சி அவனைக் கையில் ஏந்திய மருத்துவச்சி. அவளும் செத்துப் பல வருஷமாகிவிட்டது. பதினாறு வயதில் தேயிலைச் செடியின் தலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தான். 1938இல் ஒருநாள், புதிதாக வந்த பெரிய துரையின் ஹம்பர் கார் ரோட்டோர வாய்க்காலில், கானுக்குள் இறங்கி முனகிக்கொண்டு கிடந்தபோது, மலையிலிருந்து இறங்கிவந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தொரை, இதுக்கு நெஞ்சில சளிங்க" என்றான். கார்புரேட்டரில் அடைப்பு. துரை வாயில் எந்நேரமும் சுருட்டு இருக்கும். அதனால் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் சுருட்டுத் துரை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சுருட்டு கீழே விழுந்ததாம். ஆறு மாதத்தில் பழனியாண்டி டிரைவர்.

என்ன வேண்டும், கேள் என்றார் துரை. அவன் சம்பளம் கேட்கவில்லை, சப்பாத்துக் கேட்கவில்லை. "செக்ரோல்ல இருந்து எம் பேரை எடுத்துடுங்க தொரை" என்றான்.

தோட்டத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பெருமை புரியும். செக்ரோல் என்பது தொழிலாளர் பெயர்ப் பதிவு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆட்களை அந்தப் பதிவைப் பார்த்துத்தான் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் ஓட வேண்டும். பங்களா ஆளுக்கு அது கிடையாது. அவனுக்குத் துரை தம் கைக்காசில் சம்பளம் கொடுப்பார். ஆகவே பெயர் எடுபட்ட அன்றைக்கு அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு, "எங்க வீட்டு ஆளை இனிமே ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்புட முடியாது" என்று பீலிக்கரையில் நின்று குடம் நிரம்பி வழிகிறவரைக்கும் பேசினாள். அவள் பெயர் மட்டும் கொழுந்து பறிக்கும் பெண்களோடு செக்ரோலில் இருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷமே, மலையில் கொழுந்து பறித்தவர்களெல்லாம் யார் என்பது அரசாங்கத்துக்கு மறந்துபோயிற்று; அவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகளே அல்ல என்று ஒரு சட்டம் வந்தது. அடுத்து இன்னொரு சட்டம் வந்தது: விரும்பினால் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடலாம். பழனியாண்டியும் 1951இல் எழுதிப் போட்டான். எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"இஞ்ச பார், பழனியாண்டி. முப்பத்தொன்பதில இருந்து நாப்பத்தஞ்சு முடியிற வரைக்கும் நீ இந்த நாட்டிலதான் இருந்தனி எண்டு காட்டவேணும். செக்ரோலிலயோ உன்ர பேர் இல்லை."

"நாந்தானுங்க ஐயா எடுக்கச் சொன்னேன்."

"அதுதான் சொல்லுறன். ஏழு வருசம் நீ ஆவியாத்தான் திரிஞ்சிருக்கிறாய். இனி ஒரே ஒரு சாட்சி, துரை. அவரின்ர கையால ஒரு கடிதம் வாங்கி வை. வருசம் எல்லாம் போட்டு."

அந்தக் கடிதத்தில் என்னவெல்லாம் தொங்கியது என்று பழனியாண்டிக்குத் தெரியாமலில்லை. மூத்தவள் நன்றாகப் படித்தாள். பிரஜை இல்லையென்றால் அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் போட முடியாது. வோட்டு இல்லை. ஒருநாள் துரைமார்களோ அரசாங்கமோ போ என்று சொன்னால், பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும், நாலு பிள்ளைகளோடு.

துரையிடம் கேட்டான். "நாளைக்கு" என்றார். அந்த நாளை ஆறு வருஷம் நீண்டது.

1957 மார்ச்சில் சுருட்டுத் துரை கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஒரு பென்ஸ் கார் எடுத்தார். 220 எஸ். கறுப்பு நிறம், ஆறு சிலிண்டர், உள்ளே சிவப்புத் தோல் ஆசனம், மரப்பலகை பதித்த டேஷ்போர்டு. பழனியாண்டி அதை ஓட்டிக்கொண்டு மலை ஏறிவந்த அன்றைக்கு லயத்துச் சனமெல்லாம் ரோட்டோரம் நின்றது. பெரிய தேர் அசைந்து வருகிற மாதிரி இருந்தது. தேருக்காவது மேளச் சத்தம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. பின் ஆசனத்தில் துரைசாணி தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகவும், நாற்பத்தொரு முடக்கு தாண்டியும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்றும் பழனியாண்டி சொல்லுவான். சிந்தியிருக்கும். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்துப் பள்ளத்தோட்டத்துத் துரை ஒரு போர்ஷ் வாங்கினார். இளந்தாரித் துரை, பச்சைக் கண்; அதனால் பூனைக்கண் துரை. வெள்ளி நிறம், இரண்டே இரண்டு கதவு, கவிழ்த்து வைத்த அலுமினியச் சட்டி மாதிரி ஒரு கார். அவருடைய டிரைவர் வீரய்யா அதைத் திறந்து காட்டியபோது பழனியாண்டி சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னா மச்சான் இது? முன்னால தொறந்தா பொட்டி வைக்கிற எடம். பின்னால தொறந்தா இஞ்சின். தலைமாடு கால்மாடு தெரியாம செஞ்சுட்டானா?"

"தண்ணியும் ஊத்த வேணாம். காத்துலயே ஆறிக்கும். ஒட்டக ஜாதி."

"நெசமாவா?"

"ரேடியேட்டரே கெடையாது. நீ தேடிக்கிட்டே இரு."

அதுவரை மலை ஏறுகிற எந்தக் காரும் நடுவழியில் நின்று, தண்ணீர் கொதித்து, வாளி கேட்டது. தண்ணீரே குடிக்காத காரைப் பார்த்துவிட்டு வந்த பழனியாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை என்பது அம்மாக்கண்ணுவின் வாக்குமூலம்.

துரைமார்களின் கிளப்பில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. இரண்டும் ஜெர்மனியில் செய்தவை. ஒன்று சொகுசு, ஒன்று வேகம். எது மேல்? சுருட்டுத் துரை, காரென்றால் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்றார். பூனைக்கண் துரை, வீட்டை யாராவது மலைமேல் ஓட்டுவானா என்றார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஜெர்மனிக்காரன்மீது குண்டு போட்டவர்கள் இவர்கள்; இப்போது அவன் செய்த காருக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. கடைசியில் போட்டி என்றாயிற்று. கீழே ஆற்றுப் பாலத்திலிருந்து மேலே கிளப் வாசல்வரை ஏழு மைல். ஆனால் ஆளுக்கொரு கார் ஓட்டினால், தோற்றவர் கார்மேல் குறையில்லை, ஓட்டியவன்மேல்தான் குறை என்பார். ஆகவே இரண்டு காரையும் ஒரே ஆள் ஓட்டட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஆள் பழனியாண்டி என்றது பூனைக்கண் துரைதான். எதிராளியின் டிரைவரை அவர் எப்படி நம்பினார் என்றால், அதற்கு ஒரு கதை உண்டு. உலக யுத்தம் முடிந்த சமயம் சுருட்டுத் துரை புத்தம்புதுசு என்று ஒரு கார் வாங்கிவந்து, விருந்தாளிகள் முன்னால் "பழனியாண்டி, எப்படி?" என்று கேட்டார். பழனியாண்டி சுற்றிவந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பெயிண்டு புதுசுங்க. வண்டி ஏற்கெனவே ஒருத்தரோட குடும்பம் நடத்தினதுங்க" என்றான். துரை முகம் செத்துப்போயிற்று. பழனியாண்டி பெண்டாட்டியிடம் பொய் சொல்லுவான், கடவுளிடமும் சொல்லுவான். இயந்திரத்தைப் பற்றி மட்டும் அவனுக்குப் பொய் வராது என்று அந்த மலை முழுவதும் தெரியும்.

பழகிக்கொள்வதற்காகப் போர்ஷை மூன்று நாள் அவனிடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சுருட்டுத் துரை அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பழனியாண்டி, உனக்கு அந்தக் காயிதம் வேணும் இல்லையா?"

"ஆமாங்க தொரை."

"சனிக்கிழமை சந்தோஷமா முடியட்டும். அப்போ நான் எழுதும்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாக்கண்ணு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாளைக்கு எது ஜெயிக்கும்?"

"சின்ன வண்டி."

"அம்புட்டு நிச்சயமாவா?"

"பெரியது பெரிய வீட்டு மூத்த மருமக மாதிரி. ஒரு கொறை சொல்ல முடியாது. சொன்ன வேலையச் செய்யும், சத்தம் போடாது, அலுங்காது. ஆனா சின்னது இருக்கே… நாம நெனைக்கிறதுக்கு முன்னால அது போயிருது புள்ளே. மொடக்குல திருப்பணும்னு நெனச்சாப் போதும், கையி அதுக்குப் பொறகுதான் வருது."

"அப்ப நம்ம காயிதம்?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"வண்டிக்கு ரோசம் வருமா? தோத்துப் போச்சுன்னா ஒக்காந்து அழுவுமா?" என்றாள் அம்மாக்கண்ணு. "இங்க நாலு உருப்படி அழுவும். அதுல ரெண்டு இப்பவே மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கிது. பாத்துக்கங்க."

சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் சனம் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முடக்கிலும் கூட்டம். கீழே ஒரு துரை கொடியோடு நின்றார், மேலே கிளப் வாசலில் இன்னொருவர். இரண்டு பேரும் ரேடியோ மணிக்குக் கடிகாரத்தைச் சரிபார்த்து வைத்திருந்தார்கள்.

முதலில் பென்ஸ். அதில் பழனியாண்டி வஞ்சகம் வைக்கவில்லை. தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்து ஓட்டினான்; காரும் உள்ளதை எல்லாம் கொடுத்தது. பதினேழு நிமிஷம். இறங்கியபோது சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. சுருட்டுத் துரை அவன் முதுகில் தட்டினார்.

அடுத்தது போர்ஷ். அதில் ஏறி உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்னால் இஞ்சின் தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். கொடி விழுந்தது. முதல் பத்து முடக்கை அவன் எப்படித் தாண்டினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. இருபதாவது முடக்கில் நின்றிருந்த பேச்சியம்மா, தலையிலிருந்த கூடையைக் காற்று கொண்டுபோனதாகவும், கார் போய் வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்ததாகவும் சாகிறவரைக்கும் சத்தியம் பண்ணினாள். இருபது வருஷமாக அவன் ஓட்டியதெல்லாம் பிறருடைய சாமான், பிறருடைய பெண்டாட்டி, பிறருடைய அவசரம். அந்த ஐந்தாறு மைல் மட்டும் அவனே அவனை ஓட்டிக்கொண்டு போனான். கற்பூரம் வந்தது, போனது. மாட்டுப்பட்டி வந்தது, போனது. முப்பதாவது முடக்கு கண்ணில் பட்டபோது அவன் உடம்புக்குள் இருந்த கடிகாரம் சொல்லிற்று: இரண்டு நிமிஷம் முந்தி நிற்கிறாய்.

அங்கேதான் வலது காலைத் தூக்கினான்.

பிரேக்கைத் தொடவில்லை, தொட்டால் பின்னால் விளக்கு எரியும், சனம் பார்க்கும். காலை மட்டும் எடுத்தான். கார் திகைத்தது. இஞ்சின் சத்தம் இறங்கி, ஏதோ கேட்பதுபோல் விக்கிற்று. அதன்பிறகு பதினோரு முடக்கையும் அவன், பாலுக்கு ஓடிவருகிற குழந்தையைக் கையால் தள்ளிக்கொண்டே போகிறவன் மாதிரி போனான். கிளப் வாசலில் பதினேழரை நிமிஷம்.

சுருட்டுத் துரையின் சத்தம் கீழ்மலை வரைக்கும் கேட்டது. பூனைக்கண் துரை போர்ஷின் பின்பக்கம் போய் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஏழு மைல் விரட்டி வந்த இஞ்சினுக்கு இருக்க வேண்டிய சூடு அதில் இல்லை. பச்சைக் கண்ணால் பழனியாண்டியை ஒரு பார்வை பார்த்தார். "நீ பொய் வராத ஆள் என்று நெனச்சது" என்றார் தமது தமிழில். பிறகு கிளப்புக்குள் போய்விட்டார்.

வீரய்யாவுக்கு இவ்வளவு நாசூக்கு இல்லை. "என்ன மச்சான், முப்பதாவது மொடக்குல எங்க வண்டிக்கு வயித்து வலியா?" என்று சனத்துக்கு நடுவில் கேட்டான். "இல்ல, ஒனக்கா?"

சுருட்டுத் துரை வாக்குத் தவறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்போதே கிளப் மேசையில் உட்கார்ந்து, நல்ல கெட்டித் தாளில் ஒரு பக்கம் நிறைய எழுதினார். கையெழுத்துப் போட்டார். உறையில் இட்டு, நாக்கால் தடவி ஒட்டி, கொடுத்தார். பழனியாண்டி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை தோட்டத்து ஆபீஸில், கந்தோரில், பேரின்பநாயகம் கையை நீட்டினார்.

"கொண்டா, பாப்பம்."

"ஒட்டியிருக்குங்க ஐயா."

"ஒட்டியிருந்தா என்ன? கேத்தல் ஆவியில பிடிச்சாத் திறக்கும். வருசமெல்லாம் சரியா எழுதியிருக்கிறாரோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு, திரும்ப ஒட்டுவம்."

"தொரை ஒட்டினதை நான் பிரிக்கிறதா?" பழனியாண்டி உறையை மார்போடு அணைத்துக்கொண்டான். "பெரிய அய்யாமாருங்க பிரிக்க வேண்டியதுங்க. நான் பிரிச்சா அதுல என்ன மதிப்பு இருக்கும்?"

"மடையா, உனக்காக எழுதின கடிதம்தானே?"

"எனக்காக எழுதினதுங்க ஐயா. எனக்கு எழுதினது இல்லைங்களே."

அது தோட்டத்து நியாயம். துரை ஒட்டிய உறையைச் சுமப்பவன் திறக்கக்கூடாது. மூன்று தலைமுறையாகத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டயகமவுக்கும் ஹட்டனுக்கும் நடந்தவர்கள், அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்ததில்லை. பேரின்பநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். கடிதம் தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் போயிற்று. வாரத்துக்கு ஒருமுறை அம்மாக்கண்ணு அதற்குச் சாம்பிராணி காட்டினாள்.

அடுத்த ஏப்ரலில் சுருட்டுத் துரை சீமைக்குப் போய்விட்டார். பென்ஸ் கொழும்பில் யாருக்கோ விலையாயிற்று. போகிற வாரம் பங்களாப் பழைய தாள்களையெல்லாம் எரிக்கச் சொன்னார். பழனியாண்டிதான் தோட்டத்து மூலையில் நெருப்பு மூட்டி, கத்தை கத்தையாகப் போட்டான். துரை மேசையில் இருந்த அவனுடைய பழைய லைசென்ஸ் துண்டுகள், சம்பளம் வாங்கிய கையெழுத்துத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நன்றாக எரிந்தன. புதுத் துரை தம் டிரைவரோடு வந்தார். பழனியாண்டி தோட்டத்துக் கொழுந்து லொரிக்கு மாறினான். லொரிக்காரன் தோட்டத்து ஆள். ஆகவே இருபது வருஷத்துக்குப் பிறகு அவன் பெயர் மறுபடி செக்ரோலில் ஏறிற்று.

1960 பெப்ரவரியில் விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பழனியாண்டி துரை கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டான்; அம்மாக்கண்ணு கூடப் போனாள். விசாரணை அதிகாரி கெட்டவரல்ல. களைத்துப்போன மனிதர்; மேசைமேல் அவர் உயரத்துக்குக் கோப்பு. பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியாண்டி உறையை இரண்டு கையாலும் நீட்டினான். இரண்டரை வருஷமாகச் சாம்பிராணி பிடித்த உறை. அதிகாரி அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்தியால் கிழித்தார். வாசித்தார். புருவத்தைத் தூக்கினார். தமிழ் சொல்கிறவரிடம் கொடுத்தார்.

"உரத்து வாசிக்கட்டுமா?" என்றார் அவர்.

வாசித்தார். இதைக் கொண்டுவருகிற பழனியாண்டி, தாம் கண்ட டிரைவர்களிலெல்லாம் சிறந்தவன். குடிக்கமாட்டான். மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ் காரை மலைப்பாதையில் இவனைப்போல் கையாளக்கூடியவர் இலங்கையில் வேறு யாருமில்லை. இரட்டைக் கார்புரேட்டரை இவன் சரிசெய்தால் ஜெர்மனிக்காரனே வணங்குவான். பென்ஸையும் போர்ஷையும் ஒரே பிற்பகலில் ஓட்டி, எது உயர்ந்தது என்று நேர்மையாக நிரூபித்தவன். எந்தக் கனவானும் இவனைத் தயங்காமல் வேலைக்கு வைக்கலாம்.

கையெழுத்து.

"அவ்வளவுதானா?" என்றான் பழனியாண்டி.

"அவ்வளவுதான்."

"வருசம்? முப்பத்தொம்பது, நாப்பது…"

"ஒரு வருஷமும் இல்லை. கடிதத்தில் இருக்கிற ஒரே இலக்கம் இருநூற்றிருபது."

அதிகாரி செக்ரோல் பிரதியைப் புரட்டினார். பழனியாண்டி என்ற பெயர், 1958 மே மாதம், புதிதாகப் பதிந்தது. மனைவி அம்மாக்கண்ணுவின் பெயர் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. மனைவி இங்கே வேலை செய்திருக்கிறாள், கணவன் அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்திருக்கலாம் என்றார்.

அம்மாக்கண்ணு முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அய்யா, அந்த ஏழு வருசத்துல எனக்கு ரெண்டு புள்ளைங்க. இவரு இந்தியாவுல இருந்தாருன்னா, அதுங்க தபால்ல வந்துச்சுங்களா?"

தமிழ் சொல்கிறவர் இருமினார். அதிகாரிக்கு அதைச் சொல்லவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை.

நிராகரிப்பு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதத் தவணை.

பேரின்பநாயகம் கந்தோருக்குள் அங்குமிங்கும் நடந்தார். "நான் அப்பவே சொன்னனான், சொன்னனான்" என்று ஏழெட்டுத் தரம் சொல்லிவிட்டு, சீமைக்குக் கடிதம் எழுதினார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி எழுதினார்: ஐயா, இந்த ஆள் 1939 முதல் 1945 முடிய உங்களிடம் வேலை செய்தான் என்று வருஷம் போட்டு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், இவன் குடும்பமே அதில் இருக்கிறது.

பதில் தவணைக்குள்ளேயே வந்தது. அதுதான் கொடுமை. பேரின்பநாயகம் பிரித்து, வாசித்து, தமிழாக்கிச் சொன்னார். அவர் குரல் போகப்போக இறங்கிற்று.

"நுவரெலியாக் குளிரை நினைச்சா இன்னும் ஏக்கமாக் கிடக்காம். தன்ர கணக்குப் புத்தகமெல்லாம் எரிஞ்சு போச்சாம், அதால ஆக்களின்ர வருசம் நினைவில இல்லையாம். தெரியாததைக் கையெழுத்து வைச்சுச் சொல்லுறது ஒரு கனவானுக்கு அழகில்லையாம். ஆனா…" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஹம்பர் வாங்கினது 1938 ஜனவரியாம். யுத்தத்துக்கை பெட்ரோல் பங்கீட்டிலயும் அதைத்தான் ஹட்டன் ஸ்டேசனுக்கு ஓட்டினதாம். நாப்பத்தாறு ஓகஸ்டில அதை வித்தவராம். பென்ஸ் ஐம்பத்தேழு மார்ச். மைல் கணக்குக்கூட எழுதியிருக்கிறார்."

"ஹம்பரை யாரு ஓட்டினதுன்னு எழுதலீங்களா?"

பேரின்பநாயகம் கடிதத்தை மறுபடி பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை, இருந்தும் பார்த்தார்.

"எந்தக் காலத்திலயும் ஓட்டுறதுக்கு ஒரு நல்ல ஆள் கிடைச்சதாம்."

மேல்முறையீடும் அந்த வழியே போயிற்று. மூத்தவள் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டினாள். 1964 கடைசியில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து மலைநாட்டுச் சனத்தைப் பிரித்துக்கொண்டார்கள்: ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சமுள்ள ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுக்கும்போதுகூடக் கங்காணி இவ்வளவு சுருக்காக முடிப்பதில்லை.

"நாம எந்தக் குவியல்ல?" என்றாள் அம்மாக்கண்ணு.

மறுநாள் பழனியாண்டி லொரியைக் கந்தோர் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

"ஐயா, சீமைத் தொரைக்கு ஒரு காயிதம் எழுதணுங்க."

"இனி என்னத்தை எழுதுறது, பழனியாண்டி?"

"ரெண்டே வரிதாங்க. அன்னைக்குச் சின்ன வண்டி ரெண்டு நிமிசம் முந்தியிருக்கும். நாந்தான் காலை எடுத்துட்டேன்."

பேரின்பநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். ஏழு வருஷமாக அந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியாது. "அதை எழுதி இனி உனக்கு என்ன பிரயோசனம்?"

"ஒண்ணும் இல்லைங்க. அதனாலதான் இப்ப எழுத முடியுது."

எழுதினார். கடிதம் வான்தபாலில் போயிற்று. பன்னிரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுருட்டுத் துரை எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பேனா எடுத்ததில்லை. நான்கு பக்கம். எழுத்தெல்லாம் கோணல், மை சிந்தியிருந்தது.

"நித்திரை வரேல்லையாம்" என்றார் பேரின்பநாயகம். "எந்த முடக்கில காலை எடுத்தனி எண்டு கேக்கிறார். எந்தக் கியரில போனனி? எவ்வளவு வேகம்? எல்லாம் விவரமா எழுதட்டாம். கட்டாயம் எழுதட்டாம். இதென்ன, உன்ர பிள்ளையளின்ர சுகமும் கேட்டிருக்கிறார், கடைசி வரியில." பேனாவை மையில் தோய்த்தார். "சொல்லு. எந்த முடக்கு?"

பழனியாண்டி எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"வேணாங்க ஐயா. தொரைக்கு வேணுங்கிறது ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்."

வெளியே போய் லொரியில் ஏறினான். ஃபெக்டரியில் கொழுந்து காத்துக் கிடந்தது.